மலைமேல் கேஷுவாலிட்டியில் இ-ஃபாஸ்ட் ஸ்கேன்: கற்றுக்கொடுப்பதும் தேர்வு வைப்பதும்

மாலை ஆறு மணி. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் இருபதடி உயரத்திலிருந்து விழுந்து 108-இல் வந்திருக்கிறார். பிபி 96, பல்ஸ் 124. இடது விலாவில் சிராய்ப்பு. வயிற்றை அமுக்கினால் மெத்தென்றுதான் இருக்கிறது. "ஒண்ணுமில்ல டாக்டர், மூச்ச இழுத்தாத்தான் வலிக்குது" என்கிறார். வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. கோவைக்கு அனுப்புவதென்றால் குன்னூர் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மேட்டுப்பாளையம் போய், அதற்கப்புறமும் ஒரு மணி நேரம். டியூட்டி டாக்டர் முன்னால் இருப்பது ஒரே கேள்வி: உள்ளே ரத்தம் கசிகிறதா?

இந்தக் கேள்விக்குப் படுக்கையருகிலேயே பதில் தேடத்தான் ஃபாஸ்ட் ஸ்கேன்: அடிபட்டவரின் உடம்புக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் சட்டென்று பார்ப்பது. இந்தப் பெயர் 1996-இல் புழக்கத்துக்கு வந்தது. 2004-இல் நுரையீரலையும் சேர்த்து இ-ஃபாஸ்ட் ஆனது. நீலகிரியில் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். நான் செய்கிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில், இந்த ஸ்கேனுக்கு எது தெரியாது என்பதிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான வகுப்புகள் கருவியில் தொடங்குகின்றன. நான் குறைகளில் தொடங்குவேன். ஃபாஸ்ட் பார்ப்பது தேங்கி நிற்கும் திரவத்தை மட்டும்தான், அது திரையில் பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். ஈரல் கிழிந்திருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்றெல்லாம் அது சொல்லாது. குடல் ஓட்டையானால் தெரியாது. முதுகுப்பக்கம், சிறுநீரகத்துக்குப் பின்னால் தேங்கும் ரத்தம் கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. இடுப்பெலும்பு உடைந்து கசியும் ரத்தத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகும்.

அளவும் முக்கியம். வயிற்றுக்குள் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஸ்கேன் பார்த்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் திரவம் கண்ணில் பட்டபோது உள்ளே போயிருந்தது சராசரியாக 619 மில்லி. 400 மில்லிக்கு முன்னால் கண்டுபிடித்தவர்கள் பத்தில் ஒருவர்தான். இந்த எண்ணைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். அடிபட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தால் என்ன அர்த்தம் என்று அப்போது கேட்பேன். "ரத்தம் இல்லை" என்று ஒருவர் சொல்வார். "இன்னும் அரை லிட்டர் சேரவில்லை" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டாமவரை அடுத்த வரிசைக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பேன்.

கருவி, பதிவு, ஜெல்

கருவி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உடம்பின்மேல் வைத்துப் பார்க்கும் பகுதிதான் ப்ரோப். வளைந்த முகம் உள்ள வயிற்று ப்ரோப் ஒன்றே ஆறு இடத்துக்கும் போதும். நுரையீரலுக்கு நேரான முகம் உள்ள ப்ரோப் இருந்தால் சௌகரியம்.

பதிவு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கையடக்க ஸ்கேன் கருவியானாலும் மாவட்ட அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். யார் யார் இயக்குவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். "பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வகுப்பு, கருவியைக் காரில் போட்டுக்கொண்டு போகலாம்" என்ற யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஆட்களை அழைத்து வாருங்கள், கருவி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பயிற்சிக்குக் கர்ப்பிணிகளை மாடலாக வைக்கவே கூடாது.

அப்புறம் ஜெல். சிரிக்காதீர்கள். டிசம்பர் மாதம் ஊட்டியில் ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியிலிருந்து எடுத்த ஜெல்லை ஒருவர் வயிற்றில் பிழிந்து பாருங்கள். வயிறு முழுக்க இறுகிவிடும். வலியால் இறுகுகிறதா, குளிரால் இறுகுகிறதா என்றே தெரியாது. எங்கள் சிஸ்டர் ஒருவர் ஃபிளாஸ்க் வெந்நீரை ஒரு மக்கில் ஊற்றி ஜெல் பாட்டிலை அதில் நிறுத்தி வைப்பார். டியூட்டி மாறும்போது மக்கையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். அடிபட்டவர் உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் கெடும். ஆகவே போர்வையை முழுக்க உருவாமல், பார்க்கும் இடத்தை மட்டும் திறந்து, பார்த்ததும் மூடுவதையும் ஸ்கேனின் ஒரு பகுதியாகவே கற்றுக்கொடுக்கிறேன். தேர்விலும் அதற்கு மதிப்பெண் உண்டு.

முதல் நாள்: கை பழக வேண்டும்

ஸ்லைடு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு கருவி, ஒரு மாடல். மாடலாகப் படுப்பது பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவராகவே இருக்கலாம். அவரிடம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்ரூம் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் இடுப்புப் பகுதி தெரியும்.

பொத்தான்கள் இரண்டு போதும்: ஆழம், வெளிச்சம். மற்றவை எல்லாம் பிறகு. ப்ரோப்பில் இருக்கும் குறி தலைப்பக்கமா, நோயாளியின் வலப்பக்கமா என்பதை மட்டும் நூறு முறை கேளுங்கள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஈரலைத் தேடும் காட்சி முதல் நாள் எல்லோருக்கும் நடக்கும்.

ஆறு இடங்கள்

வலப்பக்கம். அக்குளின் நடுக்கோட்டில், கீழ் விலா எலும்புகளுக்கு இடையே, குறி தலைப்பக்கம். ஈரலும் சிறுநீரகமும் ஒட்டி நிற்கும் கோட்டைப் பார்த்ததும் "இல்லை" என்று சொல்லி ப்ரோப்பை எடுத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. அங்கேயிருந்து ப்ரோப்பைக் கால்பக்கம் நகர்த்தி ஈரலின் கீழ்நுனி வரை போக வேண்டும். கொஞ்சமாக இருக்கும் ரத்தம் பலமுறை அந்த நுனியில்தான் முதலில் தென்படும், மெல்லிய கறுப்பு ஆப்பு மாதிரி. அப்புறம் மேலே ஏறி உதரவிதானத்துக்கு மேலேயும் ஒரு பார்வை. நெஞ்சுக்குள் ரத்தம் இருந்தால் முதுகெலும்பின் கோடு உதரவிதானத்தைத் தாண்டியும் மேலே தொடரும். காற்று நிறைந்த நுரையீரல் இருந்தால் அந்தக் கோடு அங்கேயே அறுந்துவிடும். ஆக, வலப்பக்கம் என்பது ஒரு படமில்லை, மேலிருந்து கீழே ஒரு நடை.

இடப்பக்கம்தான் கடினம். மண்ணீரல் சின்னது, மேலே, பின்னால் இருக்கிறது. புதியவர்கள் வலப்பக்கம் வைத்த அதே உயரத்தில் வைத்துவிட்டு, இரைப்பையையும் குடலின் காற்றையும் பார்த்துத் திணறுவார்கள். "விரல் முட்டி படுக்கையில் உரசணும், தம்பி" என்பேன். உரசாவிட்டால் பின்னால் போகவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: இங்கே ரத்தம் முதலில் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் தேங்குவதைவிட, மண்ணீரலுக்கு மேலே உதரவிதானத்தின் அடியில்தான் அதிகம் தேங்கும். வலப்பக்கத்தின் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஏமாந்துபோவோம்.

ஏமாந்தவன் சொல்கிறேன். படித்துக்கொண்டிருந்த காலத்தில், வேறொரு ஊரில், பைக்கிலிருந்து விழுந்த பையனுக்கு ஸ்கேன் செய்தேன். இடப்பக்கம் சிறுநீரகத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. விலாவின் நிழல் மறைத்தது, பையன் வலியில் நெளிந்தான், பின்னால் இன்னும் இரண்டு கேஸ் காத்திருந்தது. "ஃபாஸ்ட் நெகட்டிவ்" என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் பிபி சரிந்தது. அடுத்து ஸ்கேன் செய்தவர் மண்ணீரலுக்கு மேலே கறுப்புப் பட்டையைக் காட்டினார். முதல் ஸ்கேனின்போது அது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. பையன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் எங்கள் ரிப்போர்ட் தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கட்டம் போட்டேன்: இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. மூன்றாவது கட்டம் இல்லாத தாளில் எழுதப் பழகியவர்கள் தெரியாததையெல்லாம் இரண்டாவது கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இடுப்பு. அடிவயிற்றின் கீழ்முனையில் இருக்கும் ப்யூபிஸ் எலும்புக்கு நேர்மேலே வைத்துக் கால்பக்கம் சாய்க்க வேண்டும். குறுக்கிலும் நெடுக்கிலும் இரண்டு தடவை. யூரின் கதீட்டர் போடுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்பதை சிஸ்டர்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள், கதீட்டர் பெரும்பாலும் டாக்டர் திரும்புவதற்குள் போட்டாகிவிடும். சிறுநீர்ப்பைக்குப் பின்னால் படம் எப்போதும் கூடுதல் வெள்ளையாக இருக்கும், அதில் கொஞ்சம் ரத்தம் இருந்தால் மறைந்துபோகும். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

இதயம். நெஞ்செலும்பின் கீழ்நுனிக்கு அடியில், ப்ரோப்பைக் கிட்டத்தட்ட படுக்க வைத்து, இடது தோளை நோக்கி. ஆழத்தை முதலில் கூட்டுங்கள். இதயம் தெரியவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஆழத்தைக் கூட்டாதவர்கள். கால்களை மடக்கச் சொன்னால் வயிறு தளரும். முன்பக்கம் மட்டும் கறுப்பாகத் தெரிவது கொழுப்பாக இருக்கலாம். ரத்தமானால் பெரும்பாலும் பின்பக்கமும் சுற்றிவரும்.

இரண்டு நுரையீரல்கள். படுத்திருப்பவரின் நெஞ்சில் மேலே எழும்பி நிற்கும் இடத்தில், இரண்டாவது மூன்றாவது விலாவுக்கு இடையே. இரண்டு விலா நிழல், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. மூச்சுக்கு மூச்சு அந்தக் கோடு முன்னும் பின்னும் வழுக்கினால் அந்த இடத்தில் நுரையீரலுக்கு வெளியே காற்று கசியவில்லை. ஒரே கோட்டின் அசைவை நேரப்படி வரைந்து காட்டும் எம்-மோடில் வழுக்கும் நுரையீரல் கடற்கரை மாதிரி தெரியும்: மேலே அலைக்கோடுகள், கீழே மணல். வழுக்காவிட்டால் மேலிருந்து கீழ்வரை வெறும் கோடுகள், சோப்பு டப்பாவின் பார்கோடு போல. ஆனால் வழுக்கவில்லை என்பதாலேயே காற்றை வெளியேற்ற நெஞ்சில் டியூப் போட ஓடக் கூடாது. செயற்கை மூச்சுக்காக வாய்வழி போட்ட குழாய் வலப்பக்கம் ஆழமாக இறங்கியிருந்தால் இடது நுரையீரல் வழுக்காது. பழைய டிபி-யில் ஒட்டிப்போன நுரையீரலும் வழுக்காது. வழுக்குவதும் வழுக்காததும் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடித்தால்தான் காற்று என்று உறுதியாகச் சொல்லலாம்.

மலையில் இந்த இடத்துக்குத் தனி மரியாதை கொடுக்கிறேன். கூடலூர் சுமார் 1000 மீட்டர் உயரம், ஊட்டி 2200-க்கு மேல். கீழேயிருந்து மேலே வரும் வழியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், நெஞ்சுக்குள் சிக்கிய காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விரியும். யானை தள்ளிவிட்டோ, காட்டெருமை முட்டியோ விலா உடைந்தவரை மேலே ஏற்றி அனுப்பும் டாக்டர், வண்டி கிளம்புமுன் இந்த இரண்டு இடத்தையாவது பார்த்து எழுதி அனுப்பினால் பெரிய உதவி.

ரத்தத்தைப் பார்க்காமல் ரத்தத்தைக் கற்க முடியாது

ஆரோக்கியமான மாடல்களிடமே பயிற்சி முடிந்துவிட்டால், முதல் உண்மையான கறுப்புப் பட்டையை மாணவர் ராத்திரி தனியாகப் பார்க்க நேரிடும். நம்மிடம் வழி இருக்கிறது. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்கள் வார்டில் இருப்பார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருப்பார்கள். உட்கார்ந்து பேசி, எதற்கு என்று சொல்லி, சம்மதம் வாங்கி, மூன்று பேருக்கு மேல் இல்லாமல் பாருங்கள். "ஐயா, இந்தப் பசங்க கத்துக்கணும், பத்து நிமிஷம் படுத்துக்கறீங்களா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும், வார்டு சிஸ்டரை விட்டுத் திரும்பக் கேட்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: இவர்களிடம் தெரிவது நல்ல கறுப்பு. உறைந்த ரத்தம் சாம்பல் நிறமாக, ஈரலைப் போலவே தெரியலாம். அதற்குச் சேமித்த வீடியோக்கள்தான் வழி. ஒவ்வொரு பாசிட்டிவ் கேஸையும் பெயர், ஐபி எண் நீக்கிச் சேமித்து வாருங்கள். ஒரு வருடத்தில் சொந்தக் களஞ்சியம் சேர்ந்துவிடும். ஜெலட்டின் காய்ச்சி பலூன் புதைத்த பொம்மைகளும் செய்தோம். ஊசி பழகுவதற்குப் பரவாயில்லை, ஃபாஸ்டுக்கு அவ்வளவு உதவவில்லை.

எத்தனை ஸ்கேன்?

அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50 என்று சொல்கிறது. நாங்கள் 30 வைத்திருக்கிறோம். எண்ணைவிட எப்படி எண்ணுகிறோம் என்பது முக்கியம். ஆறு இடத்தின் படமும் சேமிக்காத ஸ்கேன் கணக்கில் வராது. முடிவு தெரியாத ஸ்கேனும் வராது: சிடி என்ன சொன்னது, ஆபரேஷனில் என்ன இருந்தது, இல்லையென்றால் நோயாளி நடந்து வீட்டுக்குப் போனாரா என்று ஒரு வரி இருக்க வேண்டும். கோவைக்குப் போன நோயாளியைப் போனில் விசாரிக்கும் பொறுப்பு ஸ்கேன் செய்தவருடையது. முதலில் முணுமுணுப்பார்கள். இரண்டு முறை தன் கணிப்பு தப்பானதைக் கேட்டபின் தானாகவே போன் போடுவார்கள்.

வாரம் ஒருநாள் எல்லாப் படத்தையும் உட்கார்ந்து பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுகிறோம். ஒன்று என்றால் எந்த உறுப்பும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு என்றால் ஏதோ தெரிகிறது, முடிவெடுக்கப் போதாது. மூன்று என்றால் குறையிருந்தாலும் முடிவு சொல்லலாம். நான்கும் ஐந்தும் நல்ல படங்கள். மூன்றுக்குக் கீழே வந்த இடத்தில் "இல்லை" என்று டிக் செய்திருந்தால் அந்த ஸ்கேன் தள்ளுபடி. அதே படத்துக்குத் "தெரியவில்லை" என்று டிக் செய்திருந்தால் கணக்கில் உண்டு.

தேர்வு: கை, கண், முடிவு

மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சேர்த்து வைத்தால் கைத்திறமை உள்ளவர் மற்ற இரண்டிலும் தப்பித்துவிடுவார்.

கைக்கு, அவர் இதுவரை பார்க்காத ஒரு மாடல். ஆறு இடமும் ஐந்து நிமிடத்துக்குள். பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் தேர்வாளருக்குக் கஷ்டம், நம் கை தானாகவே ப்ரோப்பை நோக்கிப் போகும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஈரலின் கீழ்நுனி, மண்ணீரலின் மேல்பக்கம், இடுப்பின் இரண்டாவது கோணம் ஆகிய மூன்றையும் பார்த்தாரா என்று தனியாகக் குறித்துக்கொள்கிறேன். பெயர் சொல்லி அறிமுகம், போர்வை, ஜெல் துடைப்பது ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

கண்ணுக்கு, இருபது வீடியோக்கள். பாதி சுத்தம், சிலவற்றில் ரத்தம், நான்கைந்து வேண்டுமென்றே மோசமானவை. மோசமானவற்றுக்கு ஒரே சரியான விடை "தெரியவில்லை". நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பரீட்சையில் தெரியவில்லை என்று எழுதுவது நம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காத விஷயம்.

முடிவுக்கு, வாய்மொழித் தேர்வு. மேலே சொன்ன மிளகுக்காரரையே கொடுப்பேன். பிபி சரிகிறது, மண்ணீரலுக்கு மேலே கறுப்பு. "சிடி எடுத்துட்டு அனுப்பலாம் சார்" என்றால் தோல்வி. ரத்தத்துக்குச் சொல்லி, சர்ஜனைக் கூப்பிட்டு, இங்கே திறக்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். முடியாதென்றால், கீழேயுள்ள ஆஸ்பத்திரியின் தியேட்டருக்குத் தகவல் போன பிறகு வண்டி நகர வேண்டும். அதே நோயாளிக்கு பிபி நன்றாக இருந்து கறுப்பும் இருந்தால் சிடி சரியான பதில். பிபி சரிந்து ஸ்கேன் சுத்தமாக இருந்தால்? நெஞ்சு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு, வழியில் ரோட்டில் சிந்திய ரத்தம், முதுகுப்பக்கம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும், திரும்ப ஸ்கேன் செய்வேன் என்றும் சொல்ல வேண்டும். எல்லாமே நன்றாக இருந்தால், எத்தனை மணிக்குத் திரும்பப் பார்ப்பேன் என்று கடிகார நேரமாகச் சொல்ல வேண்டும். "கொஞ்ச நேரம் கழிச்சு" என்பதை நான் ஏற்பதில்லை.

ஒரு பொறியும் வைப்பேன். பல வருடம் குடித்து ஈரல் கெட்டவர் படியில் விழுந்து வருகிறார், வயிறு முழுக்கக் கறுப்பு. அல்லது இருபத்தைந்து வயதுப் பெண், ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர், இடுப்பில் கொஞ்சம் திரவம். முதலாமவருக்குப் பழைய நீரா புது ரத்தமா என்று ஸ்கேன் சொல்லாது, மற்றதையெல்லாம் வைத்து யோசிக்க வேண்டும். இரண்டாமவருக்கு அது சாதாரணமாகவும் இருக்கலாம், ஆனால் யூரின் பிரெக்னன்சி டெஸ்டைக் கேட்காமல் விட்டால் மதிப்பெண் கிடையாது.

தேறிய பிறகு

மூன்று மாதம் ஸ்கேன் தொடாதவர் இடப்பக்கத்தை முதலில் மறக்கிறார், இது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைத் தேர்வை மட்டும் திரும்ப வைக்கிறோம், பதினைந்து நிமிட வேலை. வாரக் கூட்டத்துக்குத் தேறியவர்களும் வர வேண்டும், அவர்கள் படமும் திரையில் வரும், என்னுடையதும் வரும்.

லாக்புக்கைத் திருப்பும்போது நான் முதலில் பார்ப்பது அந்த மூன்றாவது கட்டத்தைத்தான். போன மாதம் ஒரு பெண் டாக்டர் முப்பது ஸ்கேன் முடித்துக் கொண்டுவந்தார், 180 கட்டங்கள், ஒன்றில்கூடத் "தெரியவில்லை" இல்லை. படங்களைத் திரையில் போட்டோம். எட்டாவது கேஸின் இடப்பக்கத்தில் அவரே நிறுத்தச் சொன்னார். பேனாவை வாங்கி டிக்கை அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் போட்டார், அப்புறம் ஒன்பதாவதைத் திறக்கச் சொன்னார்.